வீடு தேடி வந்த நர்ஸ்!



காய்ச்சல் வந்தால் நாம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ஆஸ்பத்திரியே நம் வீட்டுக்கு நடந்து வந்தால் எப்படி இருக்கும்? கையில் ஒரு பையோடு வீடு வீடாக ஏறி இறங்கி, நோயாளிகளைக் கவனித்த லிலியன் வால்ட் பற்றி இந்த வாரம் தெரிந்து கொள்வோமா?

அமெரிக்காவில் உள்ள சின்சினாட்டி நகரில் 1867-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி பிறந்தவர் இவர். வசதியான குடும்பம். 16 வயதில் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். வயது போதாது என்று இடம் தர மறுத்து விட்டனர். பிறகு, அக்காவைக் கவனிக்க வந்த ஒரு நர்ஸின் வேலையைப் பார்த்து, தானும் நர்ஸாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1891-ல் நியூயார்க்கில் நர்ஸ் பயிற்சியை முடித்தார். அதன் பின் டாக்டருக்குப் படிக்கவும் சேர்ந்தார்.

1893-ம் ஆண்டு, பிழைப்புத் தேடி வேறு நாடுகளில் இருந்து வந்த ஏழைகள் வாழ்ந்த பகுதியில், வீட்டில் நோயாளியைக் கவனிப்பது பற்றி பெண்களுக்கு வகுப்பு எடுத்தார். ஒருநாள், படுக்கை விரிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்த போது, ஒரு சிறுமி அழுதபடி ஓடி வந்தாள். அவளுடைய அம்மா, பிரசவத்துக்குப் பின் நோயுற்றுக் கிடந்தார். லிலியன் உடனே சிறுமியுடன் கிளம்பி விட்டார். இரண்டே அறைகளில் ஏழு பேர் வாழ்ந்த வீடு அது. அந்தத் தாயைச் சுத்தம் செய்து, படுக்கையை மாற்றி, அருகில் இருந்து கவனித்தார். அந்தக் காட்சி அவர் மனதை உலுக்கியது. டாக்டர் படிப்பை விட்டு விட்டு, தோழி மேரி புரூஸ்டருடன் அந்தப் பகுதியிலேயே குடியேறினார்.

குழந்தைகளே, இங்கேதான் ஒரு சிக்கல். ஆஸ்பத்திரியில் நர்ஸுக்குப் பக்கத்திலேயே டாக்டர் இருப்பார். மூத்த நர்ஸ் இருப்பார். வீட்டுக்குப் போகும் நர்ஸோ தனி ஆள். கைக்குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. மூச்சு வாங்குவதையும், முகம் வாடுவதையும் கண்ணால் பார்த்தே புரிந்து கொள்ள வேண்டும். டாக்டரைக் கூப்பிட வேண்டுமா என்று அவரே முடிவு செய்ய வேண்டும். கற்றதைக் கொஞ்சம் மறந்தாலும் ஓர் உயிர் போய்விடுமே!

அதனால் லிலியன் தன் நர்ஸுகளைத் தனியாக விடவில்லை. 1895-ல் ஹென்றி தெருவில் ஒரு வீடு கிடைத்தது. நர்ஸுகள் அங்கே ஒன்றாகத் தங்கினர், ஒன்றாகச் சாப்பிட்டனர். நோயாளிகளைப் பற்றிய விவரங்களைக் குறித்து வைத்தனர். நேரத்தை மிச்சப்படுத்த, மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாண்டிக் கூடப் போனார்கள்! பணம் இருப்பவர் சிறு கட்டணம் தரலாம், இல்லாதவருக்கு இலவசம்.

எழுதி வைத்த கணக்கு ஒரு நல்ல செய்தி சொன்னது. 1914-ல் நிமோனியா வந்த 3,535 பேரை வீட்டிலேயே கவனித்தனர். அவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 8 பேர் அளவுதான். நகரின் நான்கு பெரிய ஆஸ்பத்திரிகளில் இது நூற்றுக்கு 31 ஆக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு நோய் முற்றியிருக்கலாம். ஆனாலும், வீட்டில் செய்யும் பணிவிடை உயிரைக் காக்கும் என்பது தெளிவானது.

பள்ளிக் குழந்தைகளையும் லிலியன் மறக்கவில்லை. கண் நோய், படர்தாமரை வந்த மாணவர்களை அப்போது வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். மருந்து போட ஆள் கிடையாது. 1902-ல் லீனா ரோஜர்ஸ் என்ற நர்ஸை லிலியன் பள்ளிகளுக்கு அனுப்பினார். அவர் பள்ளியிலேயே மருந்திட்டு, வீட்டுக்கும் போய்த் தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரே ஆண்டில், வீட்டுக்கு அனுப்பப்படும் மாணவர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

பயிற்சி முடித்த நர்ஸுகளும் மேலும் படிக்க வேண்டும் என்று விரும்பினார் லிலியன். 1910-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அதற்கான படிப்பு தொடங்க அவரும் காரணமாக இருந்தார்.

1940-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி லிலியன் காலமானார். அவர் தொடங்கிய வீடு தேடிச் செல்லும் பணி, நியூயார்க்கில் இன்றும் நடக்கிறது.

பரீட்சை முடிந்ததும் பாடத்தை மறந்து விடுகிறீர்களா, குழந்தைகளே? கற்ற வாய்ப்பாடும் நீச்சலும் பழகப் பழகத்தான் நம்மிடம் தங்கும். என்றாவது ஒருநாள், அது யாருக்காவது அவசரமாகத் தேவைப்படும். அப்போது கைகொடுக்கத் தயாராக இருங்கள்!