உத்தியோகமா, உள்ளத்தின் ஆசையா? – ஸர் சி.வி. ராமன் கடந்து வந்த பத்து ஆண்டுகள்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்த இல்லங்கள் நம்முடையவை. பட்டம் வாங்கியதும் ஒரு பரீட்சை; பரீட்சை தேறியதும் ஒரு உத்தியோகம்; உத்தியோகம் நிலைத்ததும் கல்யாணம். தாத்தா காலத்தில் அது சர்க்கார் வேலையாக இருந்தது. அப்பா காலத்தில் பாங்க் வேலையாயிற்று. பிறகு கணினி வேலை வந்தது. வேலையின் பெயர் மாறியதே தவிர எண்ணம் அதிகம் மாறவில்லை. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. நிலபுலனோ வியாபாரமோ இல்லாத குடும்பங்களுக்கு மாதச் சம்பளம்தான் காப்பு. ஆனால் அந்தக் காப்பை நாடிப் போனவர்களில் எத்தனை பேர் தங்கள் வீணையை உறையிலேயே வைத்துவிட்டார்கள், வர்ணப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார்கள் என்பதை அவரவர் குடும்பத்தில் எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

ஸர் சி.வி. ராமன் நோபல் பரிசு பெற்றவர் என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். அதற்கு முன் பத்து ஆண்டுகள் அவர் சர்க்காரின் கணக்குத் துறையில் அதிகாரியாக இருந்தார் என்பதைப் பெரியவர்களே மறந்துவிடுகிறோம். அவருடைய வாழ்க்கையில் இன்றைய இளைஞர்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி அந்தப் பத்து ஆண்டுகள்தான் என்பது என் எண்ணம்.

இளமையும் முதல் தடையும்

திருச்சிக்கு அருகே திருவானைக்காவில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி ராமன் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர், தாயார் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் இவர் இரண்டாமவர். தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர் வேலை கிடைக்கவே, குடும்பம் அங்கே சென்றது. சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் போதித்தார்; வீட்டில் வயலின் வாசிப்பார். புத்தகங்களுக்கும் இசைக்கும் நடுவே வளர்ந்த பிள்ளை 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினான். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904-ல் பி.ஏ. பரீட்சையில் முதலாவதாக வந்தார். 1906 நவம்பரில், எம்.ஏ. முடிப்பதற்கு முன்பே, அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை லண்டனில் வெளிவந்த ‘பிலசாபிகல் மேகஸின்’ இதழில் அச்சாயிற்று. அப்போது அவருக்கு வயது 18.

இவ்வளவு இருந்தும் முன்னால் பாதை இல்லை. அந்நாளில் மேற்கொண்டு விஞ்ஞானம் படிக்க இங்கிலாந்து செல்ல வேண்டும். ராமனின் உடல் மிகவும் மெலிந்தது. அந்நாட்டுக் குளிரை அது தாங்காது என்று சென்னையில் அவரைப் பரிசோதித்த டாக்டர் சொல்லிவிட்டார். லண்டனில் நடந்த ஐ.சி.எஸ். பரீட்சையும் அதனாலேயே எட்டாமல் போயிற்று. ஆராய்ச்சி செய்வதற்குச் சம்பளம் தரும் இடமும் இந்தியாவில் அநேகமாக இல்லை. தமையனார் சுப்பிரமணிய ஐயர் ஏற்கெனவே நிதித் துறையில் சேர்ந்திருந்தார். தம்பியும் அதே வழியில் சென்றார். 1907-ல் எம்.ஏ. தேறினார், அதே ஆண்டில் நிதித் துறைப் பரீட்சையும் எழுதி, அதிலும் முதலாவதாக வந்தார்.

இடையில் கல்யாணமும் நடந்தது. மதுரையைச் சேர்ந்த லோகசுந்தரி வீணை வாசித்ததைக் கேட்டு, இவரைத்தான் மணப்பேன் என்று ராமன் முடிவு செய்தார். ஸ்மார்த்தர்களிலேயே உட்பிரிவு வேறு; வரதட்சணையும் கிடையாது. அக்காலத்தில் அது சாதாரண விஷயமல்ல. வேலை விஷயத்தில் ஊரோடு ஒத்துப்போன அதே இளைஞர், இதில் தம் மனம் போல நடந்துகொண்டார்.

பௌபஜார் தெருவின் கதவு

1907-ஆம் ஆண்டு மத்தியில் ராமன் தம்பதி கல்கத்தா சேர்ந்தனர். உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல் பதவி, வயது 18. டிராமில் அலுவலகம் போய் வரும் வழியில், பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் ஒரு பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்பது அந்த நிறுவனத்தின் பெயர். மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-ல் அதை நிறுவியவர். இந்தியர்கள் தங்கள் நாட்டிலேயே ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற ஆசையில் ஊர் ஊராக நன்கொடை திரட்டிக் கட்டிய இடம் அது. 1904-ல் அவர் காலமாகும் வரை அவருடைய ஆசை நிறைவேறவில்லை. கருவிகள் இருந்தன, கூடம் இருந்தது, ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லை.

வீடு திரும்பும் வழியில் ராமன் டிராமிலிருந்து இறங்கிக் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் டே என்ற ஊழியர். பிற்காலத்தில் பல ஆண்டுகள் ராமனுக்கு வலக்கையாக விளங்கியவர் அவர். உள்ளே சங்கத்தின் கௌரவச் செயலாளர் அமிருதலால் சர்க்கார் இருந்தார், நிறுவனரின் புதல்வர். தமக்கு இங்கே ஆராய்ச்சி செய்ய இடம் கிடைக்குமா என்று ராமன் கேட்டார். தந்தையார் காத்திருந்த ஆள் வந்துவிட்டார் என்று மகனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இடம் உடனே கிடைத்தது.

அதன்பின் ராமனின் தினசரி அட்டவணை மாறவேயில்லை. காலை ஐந்தரை மணிக்குச் சங்கத்துக்குப் போவார். பத்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது வீடு திரும்பி, ஸ்நானம் செய்து, சாப்பிட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடுவார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேரே மறுபடி சங்கம். வீடு வர இரவு ஒன்பதரை, பத்து ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அங்கேதான். புது ஊரில், பாஷை தெரியாத இடத்தில், இளம் வயது லோகசுந்தரி அம்மாள் அந்த நீண்ட பகல்களை எப்படிக் கழித்தார் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். ராமனின் விஞ்ஞானத்துக்கு முதல் முதலீடு போட்டவர் அவர்.

ரங்கூன், நாகபுரி

சர்க்கார் உத்தியோகம் என்றால் மாற்றல் இல்லாமல் போகுமா? 1909-ல் ரங்கூன், 1910-ல் நாகபுரி என்று உத்தரவு வந்தது. மாற்றல் வந்தபின் ஆசைகளை மூட்டை கட்டி வைத்தவர்கள் நம்மிடையே ஏராளம். புது ஊர், புது அதிகாரி, குழந்தைகளின் பள்ளி என்று காரணத்துக்கா பஞ்சம்? ராமனோ நாகபுரியில் வீட்டின் ஒரு பகுதியையே சோதனைச்சாலையாக்கிக்கொண்டார். 1910-ல் தந்தை காலமானபோது விடுப்பில் சென்னை வந்தவர், அந்த மாதங்களிலும் மாநிலக் கல்லூரிச் சோதனைச்சாலையில் வேலை செய்தார். 1911-ல் மீண்டும் கல்கத்தா. மீண்டும் பௌபஜார் தெரு.

கணக்கு வேலையில் அவர் மீது யாரும் குறை சொல்லவில்லை. திறமையான அதிகாரி என்று பெயர் எடுத்தார், பதவியும் உயர்ந்தது. அந்தப் பத்து ஆண்டுகளில், வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில், ஏறக்குறைய 30 ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். பெரும்பாலானவை ஒலியைப் பற்றியும் தந்திகளின் அதிர்வைப் பற்றியும். வீட்டிலே கேட்டு வளர்ந்த வயலினும், மனைவியின் வீணையும் ஆராய்ச்சிப் பொருளாயின. சாதாரணத் தோல் கருவியில் எழும் ஒலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் மட்டும் சுநாதம் எழுவது ஏன்? நடுவே இடப்படும் கரிய பூச்சுதான் தோலின் அதிர்வுகளைச் சுருதிக்கு இசைய வைக்கிறது என்று பின்னாளில் காட்டியவர் ராமன். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாதபோது, தாம் ஏற்கெனவே நேசித்த பொருள்களிலேயே அவர் கேள்விகளைத் தேடினார்.

1917-ல் எடுத்த முடிவு

கல்கத்தா சர்வகலாசாலையின் துணைவேந்தராக இருந்த ஸர் ஆசுதோஷ் முகர்ஜி இந்தக் கணக்கு அதிகாரியைக் கவனித்து வந்தார். ஸர் தாரகநாத் பாலித் என்ற வழக்கறிஞர் அளித்த பெரும் நன்கொடையில் பௌதிகப் பேராசிரியர் பதவி ஒன்று உருவானது. அதை ராமனுக்குத் தர ஆசுதோஷ் விரும்பினார். இரண்டு இடைஞ்சல்கள் இருந்தன. அந்தப் பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. அதற்காக வெளிநாடு செல்ல ராமன் சம்மதிக்கவில்லை. கடைசியில் நிபந்தனைதான் விலகியது. மற்றொன்று சம்பளம். சர்க்காரில் அவர் அப்போது வாங்கியது சுமார் 1,100 ரூபாய். பேராசிரியர் பதவியில் கிடைப்பதோ சுமார் 600 ரூபாய்.

சர்க்காரில் மேலும் மேலும் உயரும் வாய்ப்பு, பென்ஷன், அந்தஸ்து. மறுபுறம் ஏறக்குறைய பாதிச் சம்பளம். உலக யுத்தம் வேறு நடந்துகொண்டிருந்தது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். 1917 ஜூலையில் ராமன் சர்க்கார் வேலையை விட்டுப் பேராசிரியரானார். வயது 28.

இதைத் துணிச்சல் என்று மட்டும் சொன்னால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். 1907-லேயே அவர் வேலையை உதறியிருந்தால் அது துணிச்சலாக இருந்திருக்கும். ஆனால் கையில் என்ன இருந்திருக்கும்? 1917-ல் அவரிடம் பத்து ஆண்டு உழைப்பு இருந்தது, 30 கட்டுரைகள் இருந்தன, அவற்றை அறிந்த அறிஞர்கள் இருந்தார்கள். பயம் ஒரே நாளில் ஓடிவிடவில்லை. தினமும் காலை ஐந்தரை மணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதேபோல, உத்தியோகமே போதும் என்று இருந்துவிடும் சுகமான சோம்பலும் அந்த அதிகாலையில்தான் கழிந்தது.

பிறகு நடந்தவை

அடுத்து வந்தவை எல்லோரும் அறிந்தவை. குளிர் ஆகாது என்று தடுக்கப்பட்டவர் 1921-ல் ஆக்ஸ்போர்டு மாநாட்டுக்காக இங்கிலாந்து போய்த் திரும்பினார். வரும் வழியில், நார்க்குண்டா என்ற கப்பலின் மேல்தளத்திலிருந்து, மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். வானத்தின் நிறம் நீரில் பிரதிபலிப்பதே கடலின் நீலம் என்று அதுவரை நம்பப்பட்டது. கையிலிருந்த சிறு பட்டகத்தால் பிரதிபலிப்பை நீக்கிப் பார்த்தும் நீலம் போகவில்லை. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டார். அங்கே தொடங்கிய ஆராய்ச்சி, கே.எஸ். கிருஷ்ணன் முதலிய மாணவர்களின் உழைப்போடு, 1928 பிப்ரவரி 28-ல் பலன் தந்தது. ஒரே நிற ஒளி ஒரு திரவத்தினூடே சிதறும்போது, அதில் மிகச் சொற்பமான பகுதி நிறம் மாறி வருகிறது. அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடுகிறது. அதுவே ராமன் விளைவு. நடந்த இடம் அதே பௌபஜார் தெருச் சங்கம். 1930-ல் நோபல் பரிசு வந்தது. விஞ்ஞானத்தில் ஆசியாவுக்குக் கிடைத்த முதல் நோபல் அது. 1987 முதல் பிப்ரவரி 28 தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது.

1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அங்கே கருத்து வேறுபாடுகள் முற்றி 1937-ல் அப்பதவியை விட்டார். பேராசிரியராகத் தொடர்ந்து ஓய்வு பெற்றபின், மைசூர் அரசர் அளித்த நிலத்தில் தமக்கென ஒரு ஆராய்ச்சி நிலையம் அமைத்து, 1970 நவம்பர் 21-ல் காலமாகும் வரை அங்கேயே உழைத்தார்.

குறையே இல்லாத மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. முன்கோபம் உண்டு, பிடிவாதம் உண்டு. 1933-ல் கமலா பாகவத் என்ற இளம்பெண் ஆராய்ச்சிக்கு இடம் கேட்டு வந்தபோது, பெண் என்பதற்காகவே முதலில் மறுத்தார். அவர் விடாமல் நின்றபின், ஓராண்டு பார்த்துத்தான் முழு மாணவியாக ஏற்றார். தமக்காக ஒரு கதவு உடனே திறந்ததை அந்த நேரத்தில் அவர் மறந்துவிட்டார். கமலா பின்னர் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றுச் சிறந்த உயிர்வேதியியல் அறிஞரானார். நம் வீட்டுப் பெண்களின் ஆசைகளுக்கு நாமே கதவடைக்கும்போது இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நமக்கு என்ன?

நம் பிள்ளைகள் சங்கீதம், சமையல், நாடகம், விவசாயம் என்று ஏதோ ஒன்றில் மனம் வைத்திருக்கும்போது, நாம் இரண்டில் ஒன்றைச் சொல்கிறோம். வேலையைப் பார், மற்றதை ரிடையரானபின் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். அல்லது, பத்திரிகையில் படித்த வேகத்தில், எல்லாவற்றையும் உதறிவிட்டு ஆசையைத் துரத்து என்கிறோம். ராமன் இரண்டையும் செய்யவில்லை. சம்பளத்துக்கு உரிய வேலையை நாணயமாகச் செய்தார். மீதி நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தருணம் வந்தபோது பாதிச் சம்பளத்தைப் பார்த்துத் தயங்கவும் இல்லை.

டில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கும் நம் இளைஞர்களுக்கு இன்று பௌபஜார் தெருவைவிட எத்தனையோ கதவுகள் உண்டு. இறங்கித் தட்டுவதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். அதற்குப் பிறகுதான் அதிகாலைகள் வேண்டும். பெற்றோர்களாகிய நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. காலை ஐந்தரை மணிக்கு நம் வீட்டில் விளக்கு எரிந்தால், அது எதற்கு என்று கேட்டு அணைக்காமல், ஒரு டம்ளர் காபியை அங்கே கொண்டுபோய் வைக்கலாம்.