காந்தியாரும் பூகம்பமும்

மதுரை தல்லாகுளத்தில், நாயக்கர் காலத்துத் தமுக்கம் அரண்மனையில், காந்தியார் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளைக்காரக் கலெக்டர்கள் குடியிருந்த அந்த மாளிகையை 1959 ஏப்ரல் 15 ஆம் நாள் பண்டித நேரு அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். கொலையுண்ட நாளில் காந்தியார் உடுத்தியிருந்த, குருதிக் கறை படிந்த துணி அங்கே கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டிருக்கிறது. சித்திரையில் அழகரை எதிர்கொள்ள வரும் கிராமத்து மக்கள் அங்கும் நுழைந்து, அந்தத் துணியின் முன்னே ஒரு கணம் கைகூப்பி நின்றுவிட்டுப் போவதுண்டு. பார்த்து வருகிறவர்கள், தவறே செய்யாத ஒரு மகானின் கதையைக் கண்டோம் என்று எண்ணிக்கொண்டு படியிறங்கக் கூடும். அந்த எண்ணம் காந்தியாருக்கே பிடிக்காத எண்ணம். அவருடைய வாழ்க்கையில் நாவைப் பற்றிய தனிக் கதை ஒன்று உண்டு. மேடை ஏறி வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு, விடிந்ததும் பத்திரிகைக்காரன் திரித்துவிட்டான் என்று கைவிரிக்கும் பெரிய மனிதர்கள் மலிந்துவிட்ட இந்நாளில், அந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

1869 அக்டோபர் 2 ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், பேசத் தெரியாத பிள்ளை. பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்ற அவர், அங்கே சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் உறுப்பினர். கூட்டத்துக்குத் தவறாமல் போவார். வாய் மட்டும் திறக்க வராது. ஒருமுறை, சங்கத்திலிருந்து ஒருவரை நீக்கும் பிரச்சினையில் அவருக்குக் கடுமையான மாறுபட்ட கருத்து இருந்தது. எழுதிக்கொண்டு போனார். எழுதியதைப் படிக்கவும் நா எழவில்லை, வேறொருவர் படித்தார். 1891 இல் ஊர் திரும்பிய பின், பம்பாயில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றிற்று. வாங்கிய முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பிற்காலத்தில் இந்தக் கூச்சத்தை ஒரு பேறாகவே கருதினார் அவர். சொற்களைச் சிக்கனமாகச் செலவிட அதுவே பழக்கியது என்பது அவர் கணக்கு.

சொல் ஒன்று கடல் கடந்தால் என்ன ஆகும் என்பதையும் இளம் வயதிலேயே கண்டவர் அவர். 1893 இல் தென்னாப்பிரிக்கா போனார். அடுத்த ஆண்டு, முதலாளி அடித்துப் பல் உடைந்த பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி அழுதுகொண்டே அவர் அலுவலகத்துக்கு வந்தான். கூலிகள் என்று இகழப்பட்ட மக்களுக்கு அன்றுமுதல் அவர் நெருங்கியவரானார். 1896 இல் தாயகம் வந்து, அந்த மக்களின் துயரைப் பற்றி ஒரு பச்சை அட்டைப் புத்தகம் எழுதினார். சென்னைப் பச்சையப்பன் மண்டபத்திலும் பேசினார். அளந்துதான் எழுதியிருந்தார். ஆனால் ராய்ட்டர் நிறுவனம் அதைச் சுருக்கி, லண்டன் வழியாக நேட்டாலுக்கு இரண்டு மூன்று வரித் தந்தியாக அனுப்பிற்று. சுருங்கச் சுருங்க உண்மை சிதைந்தது. தங்களை அவதூறு செய்துவிட்டான் என்று வெள்ளையர் கொதித்தனர். 1897 சனவரி 13 அன்று டர்பன் துறைமுகத்தில் இறங்கியவரைக் கல்லாலும் அழுகிய முட்டையாலும் அடித்தார்கள். போலீஸ் அதிகாரியின் மனைவி தம் குடையை விரித்துக் குறுக்கே நின்றிராவிட்டால் காந்தி என்ற பெயரை நாம் கேள்விப்பட்டே இருக்கமாட்டோம். செய்யாத குற்றத்துக்கு வாங்கிய அடி அது.

அத்தகைய மனிதர் 1915 இல் இந்தியாவுக்குத் திரும்பி, ஐந்தே ஆண்டுகளில் கோடிக்கணக்கான மக்களின் செவியைத் தம் வசமாக்கிக்கொண்டார். 1919 இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாட்டை எழுப்பினார். மக்கள் பல இடங்களில் வன்முறையில் இறங்கினர். உடனே நடியாத் நகரில் பொதுக் கூட்டத்திலேயே, பக்குவப்படாத மக்களைச் சட்டமறுப்புக்கு அழைத்தது தம்முடைய இமாலயத் தவறு என்று ஒப்புக்கொண்டார். கேலி செய்தவர்கள் பலர். அவர் கவலைப்படவில்லை. 1921 செப்டம்பரில் மதுரை மேலமாசி வீதியில், சட்டையையும் தொப்பியையும் களைந்து முழங்கால் துண்டுக்கு மாறினாரே, அதைக்கூடப் பலநாள் மனத்தில் போட்டுப் புரட்டிய பிறகே செய்தார். வாரத்தில் ஒருநாள், திங்கட்கிழமை, மௌன விரதம் வேறு. நாவைக் கட்டுவதற்கு இவ்வளவு பாடுபட்ட தலைவர் உலகில் அரிது.

ஆயினும் யானைக்கும் அடி சறுக்கும். அதே 1921 இல் ஒரிசாவில், ஆங்கிலக் கல்வியைத் தாக்கிப் பேசும் வேகத்தில், உடன்கட்டைக் கொடுமையை எதிர்த்துப் போராடிய ராஜாராம் மோகன்ராயைக் கபீர், நானக் போன்றோர் பக்கத்தில் வைத்துச் சிறியவர் என்னும் பொருள்படப் பேசிவிட்டார். வங்காளம் புண்பட்டது, தாகூர் வருந்தினார், யங் இந்தியா ஏட்டில் விளக்கம் எழுத நேர்ந்தது. இது சிறிய சறுக்கல். பெரிய சறுக்கல் நம் தமிழ்நாட்டில்தான் நிகழ்ந்தது.

1934 சனவரி 15. பிற்பகல் இரண்டு மணி கடந்த நேரம். பீகாரிலும் நேபாளத்திலும் பூமி குலுங்கிற்று. முங்கேர், முசாபர்பூர் நகரங்கள் கல்லும் மண்ணுமாகக் கிடந்தன. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டுக் கிளம்பி விளைநிலங்களை மூடின, கிணறுகள் தூர்ந்தன. சிறையிலிருந்த ராஜேந்திர பிரசாத் விடுதலை செய்யப்பட்டு நிவாரண வேலையில் இறங்கினார். நேரு மண்வெட்டியும் கையுமாக முங்கேரில் இடிபாடுகளை அகற்றினார்.

காந்தியார் அப்போது தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் சுற்றிக்கொண்டிருந்தார். 1933 நவம்பரில் வார்தாவில் புறப்பட்ட பயணம். ஒன்பது மாதம் நடந்து, பன்னிரண்டாயிரம் மைலுக்கு மேல் கடந்த பயணம். சனவரி 24 அன்று திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் பேசினார். பீகாரின் துயரத்தைச் சொன்னார், நிதி கேட்டார். அதோடு நிறுத்தவில்லை. தம்மை மூடநம்பிக்கைக்காரர் என்று யார் அழைத்தாலும் சரி, இந்தப் பூகம்பம் நாம் செய்த பாவத்துக்கு, தீண்டாமை என்னும் பாவத்துக்கு, ஆண்டவன் தந்த தண்டனை என்றே தாம் நம்புவதாகச் சொன்னார். அன்றே தூத்துக்குடியிலும் அதே பேச்சு.

நோக்கம் எவ்வளவு உயர்ந்தது! தீண்டாமையைச் சாடுவதில் நமக்கு அவரோடு பிணக்கு உண்டா? இல்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். தண்டனை என்றால் குற்றவாளிக்கல்லவா கிடைக்க வேண்டும்? திருநெல்வேலிக் கோயில் கதவைச் சாத்தியவனின் பாவத்துக்கு முங்கேரில் தொட்டில் பிள்ளை ஏன் சாகவேண்டும்? பீகாரில் இடிந்த சுவரின் கீழ்ச் செத்தவர்களில் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவனும் இருந்தானே, அவன் எந்தப் பாவத்துக்காகத் தண்டிக்கப்பட்டான்? பெற்ற மகனைப் புதைத்துவிட்டு நிற்கும் தாயிடம், உன் சமூகத்தின் பாவம் இது என்று சொல்வது ஆறுதலா, இரண்டாவது அடியா? காந்தியாருடைய கருணை உள்ளம் இதை உணராமற்போனதுதான் வியப்பு. மேடையின் வேகம் அப்படிப்பட்டது. கேட்பவர் ஆயிரக்கணக்கில் தலையாட்டும்போது, சொல்பவர் சொல்லை நிறுத்துப் பார்ப்பதில்லை.

ஒருவர் நிறுத்துப் பார்த்தார். பகைவர் அல்லர், உற்ற நண்பர். 1932 செப்டம்பரில் ஏரவாடா சிறையில் காந்தியார் உண்ணாநோன்பை முடித்தபோது பக்கத்தில் அமர்ந்து பாடியவர். தீண்டாமை ஒழிப்பில் அவருக்குத் துணை நின்றவர். கவி தாகூர்தான் அவர். செய்தி அறிந்ததும் கண்டன அறிக்கை எழுதினார். இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையிலேதான் காரணம் தேடவேண்டும். அறத்தையும் நிலநடுக்கத்தையும் முடிச்சுப் போட்டால், கடவுளைவிட மனிதனே நீதிமான் என்று ஆகிவிடும் என்பது அவர் வாதம். அதைவிடக் கூர்மையான இன்னொன்றும் சொன்னார். இதே வாதத்தை எதிரிகள் எடுத்து, காந்தியும் அவர் கூட்டமும் கோயிலைத் தீட்டாக்கப் புறப்பட்டதால்தான் பூமி வெடித்தது என்று சொன்னால் என்ன விடை? சனாதனிகளுக்குச் சொந்தமான ஆயுதத்தைச் சீர்திருத்தத் தலைவர் கையில் எடுத்துவிட்டாரே என்பது கவியின் வேதனை. அவர்கள் வெறும் வாய்ச்சொல் வீரர்களும் அல்லர். அவ்வாண்டு ஏப்ரலில் பீகாரின் தேவ்கர் பக்கத்தில் காந்தியாரின் காரைத் தடிகொண்டு தாக்கினார்கள். சூனில் பூனாவில் குண்டே வீசினார்கள்.

தல்லாகுளத்து அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்த நேருவும் தம் சுயசரிதையில் இதைக் கண்டித்தே எழுதினார். அந்தப் பேச்சைப் படித்து அதிர்ந்துபோனதாகவும், விஞ்ஞான நோக்குக்கு இதைவிட மாறான ஒன்றை எண்ணிப் பார்ப்பது கடினம் என்றும் எழுதினார். தண்டனைக் கணக்கு இப்படிப் போவதானால், சட்டமறுப்பு இயக்கத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்று வெள்ளைக்கார அரசாங்கமும் சொல்லிக்கொள்ளலாமே என்று கேட்டார். தலைவரிடம் பக்தி வேறு, தலைவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவது வேறு என்று அறிந்த காலம் அது.

காந்தியார் என்ன செய்தார்? இங்கேதான் நம் காலத்துப் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். தாம் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுக்கவில்லை. நிருபர் திரித்தார் என்று கூறவில்லை. கண்டித்தவரின் உள்நோக்கத்தை ஆராயவில்லை. தாகூரின் கண்டனத்தைத் தம்முடைய ஹரிஜன் ஏட்டிலேயே, 1934 பிப்ரவரி 16 இதழில், அச்சிட்டார். பக்கத்திலேயே தம் மறுமொழியையும் எழுதினார். மார்ச்சில் பீகாருக்கே போய் ஊர் ஊராகச் சுற்றி, துயருற்றோருக்காக உழைத்தார். இவ்வளவும் அவர் பெருமை. ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. இறைவனின் விதிகளை முழுக்க அறியோம், இது தம் நம்பிக்கை, நம்பியதை மறைப்பது கோழைத்தனம் என்றே வாதாடினார். நடியாத்தில் செயலின் தவறை ஒப்புக்கொண்டவருக்கு, நெல்லையில் சொல்லின் தவறு தெரியவில்லை. நம்பிக்கை என்று வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்; இலட்சம் பேர் வேதவாக்காகக் கொள்ளும் ஒருவர் மேடையில் சொன்னால் அது பிரசாரம். இந்த வேறுபாட்டை அவர் ஏற்கவேயில்லை. நம் தீர்ப்பு தாகூர் பக்கமே.

பூகம்பத்தின் காரணத்தை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் நேரில் சென்று ஆராய்ந்து 1939 இல் அறிக்கை வெளியிட்டனர். இந்திய நிலப்பரப்பு வடக்கே முட்டி இமயத்தின் அடியில் நெருக்குவதால் நேரும் அதிர்ச்சி என்று இன்று பள்ளிப் பிள்ளையும் படிக்கிறான். ஆனாலும் அந்தப் பழைய பேச்சு சாகவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகைக் கரையில் ஆயிரக்கணக்கான மீனவர் குடும்பங்களை வாரிக்கொண்டு போனபோது, மடாதிபதி ஒருவர் கைதானதால் வந்த வினை என்று பேசித் திரிந்தவர்கள் உண்டு. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மிதந்தபோது, ரிசர்வ் வங்கியின் இயக்குநர் குழுவில் புதிதாக இடம்பெற்றிருந்த ஒருவர், சபரிமலைக்குப் பெண்கள் செல்லும் வழக்குக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று நீதிபதிகள் பார்க்கலாமே என உலகறிய எழுதினார். தாகூர் அஞ்சிய திசையிலேயே வாள் வீசப்பட்டது. காந்தியாரோ தாழ்த்தப்பட்டவனுக்காகச் சொன்னார். இவர்கள் யாருக்காகச் சொன்னார்கள்?

நெல்லைப் பேச்சு முடிந்த இரண்டாம் நாள், 1934 சனவரி 26 இல், காந்தியார் மதுரையில் இருந்தார். தாழ்த்தப்பட்டோருக்கு மூடியிருந்த மீனாட்சி கோயிலுக்குள் அவர் போகவில்லை. பூகம்பத்தைச் சொல்லி அச்சுறுத்திய பேச்சால் அந்தக் கதவு ஓர் அங்குலமும் நகரவில்லை. மதுரை வைத்தியநாத ஐயரும் அவர் தோழர்களும் பல ஆண்டுகள் வீடு வீடாக, கூட்டம் கூட்டமாகப் பேசி மக்களின் மனத்தை இசைய வைத்தார்கள். 1939 சூலை 8 ஆம் நாள் காலை, பின்னாளில் அமைச்சரான கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு ஐயர் உள்ளே நுழைந்தார். பட்டர்களில் சிலர் பூசை செய்ய மறுத்தனர். வழக்கு என்றார்கள், தீட்டு என்றார்கள். அரசாங்கம் அவசரச் சட்டம் பிறப்பித்து, நுழைந்தவர்களுக்கும் கோயில் அதிகாரிகளுக்கும் பாதுகாப்பு அளித்தது. 1946 பிப்ரவரியில் மதுரைக்கு மீண்டும் வந்த காந்தியார், அந்தக் கோயிலுக்குள் முதன்முறையாகச் சென்றார்.