சர் சார்லஸ் எலியட்: ஆட்சியும் ஆய்வும்

எலியட் என்றவுடன் கவிஞர் நிறைந்த நம் மன்றத்தார்க்கு நினைவில் எழுபவர் வேறொருவர். யான் ஈண்டுக் குறிப்பவர் அவரல்லர். மாணிக்கவாசகரையும் ஆழ்வார்களையும் ஆங்கில வாசகர்க்கு அறிமுகப்படுத்தியவருள் ஒருவரான சர் சார்லஸ் எலியட்.

1862இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு மாவட்டத்துச் சிற்றூரொன்றில் பிறந்த அவர், ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் பயின்றார். கிரேக்கம், இலத்தீனில் பரிசுகள் பல பெற்றதோடு வடமொழிக்கும் சிரியாக்கு மொழிக்குமான பரிசுகளையும் வென்றார். தூதரகப் பணியேற்று உருசியாவில் வாழ்ந்தபோது 1890இல் பின்னிய மொழிக்கு இலக்கணம் ஒன்று வெளியிட்டார். துருக்கியில் பணியாற்றிய பட்டறிவைப் புனைபெயரில் நூலாக்கினார்.

பிரித்தானியக் கிழக்காப்பிரிக்காவின் ஆணையராக அவர் ஆண்ட காலமே நம்மைத் தயங்கவைப்பது. இந்தியத் தொழிலாளர் உழைப்பால் உருவான இருப்புப்பாதை 1901இல் விக்டோரியா ஏரியை எட்டியது. அதன் செலவை ஈடுசெய்ய மலைநாட்டை வெள்ளையர் குடியேற்றத்திற்குத் திறந்துவிட்டார் எலியட். அந்நிலத்தை இந்தியர்க்கு வழங்கலாகாது என்பதும் அவர் கொள்கை. மசாய் மக்களின் மேய்ச்சல் வாழ்வு மறைந்தொழிவதே நன்று எனக் கருதினார். நிலக்கொடை ஒன்றில் மசாய் உரிமையைக் காரணங்காட்டி இலண்டன் தடைவிதித்தபோது, 1904இல் பதவி துறந்தார். அவ்வாண்டே மசாய் மக்கள் பிளவுப் பள்ளத்தாக்கிலிருந்து பெயர்க்கப்பட்டனர். இவ்வாட்சிக் காலத்திலேயே சான்சிபார்க் கடலோரத்தில் ஓடில்லாக் கடல்நத்தைகளைத் திரட்டி ஆராய்ந்தவரும் இவரே! சிற்றுயிரின் நிறவேறுபாட்டை அத்துணை நுணுகி நோக்கிய கண்ணுக்கு ஒரு மக்களினத்தின் வாழ்வுரிமை புலப்படாமற்போனதை என்னென்பது?

1905இல் பட்டயம் பெற்ற ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் அவ்வாண்டே அவரைத் துணைவேந்தராக ஏற்றது. 1912இல் ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். மாணவர் விடுதியொன்று அவர் பெயர் தாங்கியது. 1918இல் அரசு அவரைச் சைபீரியாவுக்கு அனுப்பியது; பின்னர் ஜப்பானில் தூதரானார்.

மூன்று தொகுதிகளாக 1921இல் வெளிவந்த இந்து, பௌத்த சமய வரலாறே அவர் பெயரை நிலைநிறுத்தியது. தென்னாட்டுச் சைவத்துக்கும் வைணவத்துக்கும் அதில் தனித்தனி இடமுண்டு. போப்பையரின் திருவாசக மொழிபெயர்ப்பு அவர்க்குத் துணைநின்றது. பக்தியை வடமொழி நூல்களின் வழியே மட்டும் அளந்த மேலையறிஞர் பலரிடையே, தமிழடியார் பாடல்களையும் சான்றாக மதித்தவர் அவர். எனினும், ஆசியரின் வழிபாட்டில் அவர் கண்ட ஆழத்தை ஆப்பிரிக்கரிடம் தேடவேயில்லை என்னும் குறை அந்நூலைப் புரட்டுந்தோறும் எனக்கு எழுகிறது.

தூதர் பணி 1926இல் முடிந்த பின்னும் அவர் ஊர் திரும்பவில்லை. நாரா நகரில் தங்கி ஜப்பானிய பௌத்தத்தை ஆராய்ந்தார். 1931 மார்ச்சில் தாயகம் நோக்கிச் சென்ற கப்பலிலேயே மலாக்கா நீரிணையில் உயிர்துறந்தார். உடல் கடலுக்கே ஒப்படைக்கப்பட்டது. அவர் முடிக்காது விட்ட நூலை அன்பர்கள் நிறைவுசெய்து 1935இல் வெளியிட்டனர்.