தன் குற்றத்தைத் தானே கண்ட பேரரசர்

மௌரியப் பேரரசர் அசோகரின் இளமைப் பருவம் குறித்துப் பௌத்த நூல்கள் கூறுவன அச்சமூட்டுபவை. சந்திரகுப்தரின் பேரரும் பிந்துசாரரின் மைந்தருமாகிய அவர், அரியணைக்காக உடன்பிறந்தார் 99 பேரைக் கொன்றார் என்றும், மக்கள் அவரைச் சண்டாசோகன் என அஞ்சி அழைத்தனர் என்றும் அவை சொல்கின்றன. ஆனால் அவருடைய கல்வெட்டு ஒன்று சகோதரர்களின் இல்லங்களைக் குறிப்பிடுவதால் அக்கதைகளை அப்படியே ஏற்பதற்கில்லை. அவர் செய்த பிழையை அறியக் கதைகள் தேவையுமில்லை. அதை அவரே கல்லில் பொறித்து வைத்தார்.

முடிசூடி எட்டு ஆண்டுகள் ஆனபின், கி.மு. 261 வாக்கில், அசோகர் கலிங்கத்தை வென்றார். சிறைபிடித்துக் கொண்டுசெல்லப்பட்டோர் 1,50,000 பேர்; களத்தில் மாண்டோர் 1,00,000 பேர்; பின்னர் மடிந்தோர் அதைப்போல் பன்மடங்கினர். இக்கணக்கைப் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் தந்தவரும் அவரே. வெற்றியைப் பாடுவதற்கென்றே மன்னர்கள் கல்வெட்டு அமைத்த நாட்டில், வெற்றிக்காக வருந்தும் கல்வெட்டு அது ஒன்றுதான் எனலாம். போரில் காயம்படாத நல்லோரும் தம் அன்புக்குரியவர் படும் துயரால் வாடுகின்றனர் என்பதையும் அவர் அதில் எண்ணிப் பார்க்கிறார்.

மனமாற்றம் ஒரே நாளில் நிறைவுறவில்லை. பௌத்த உபாசகரான பின்னும் தொடக்கத்தில் தாம் போதிய ஊக்கத்துடன் முயலவில்லை என்று சிறு பாறைக் கல்வெட்டுகளில் ஒப்புக்கொள்கிறார். அதன்பின் பழைய பழக்கங்கள் ஒவ்வொன்றின் இடத்திலும் நற்பழக்கம் ஒன்றை அமர்த்தினார். வேட்டைக்கும் கேளிக்கைக்கும் செல்லும் பயணங்கள் நின்றன. முடிசூடிய பத்தாண்டுகளுக்குப்பின் போதிமரம் இருந்த தலத்திற்குச் சென்றார். அதுமுதல் பயணம் என்பது சான்றோரைக் காண்பதும், முதியோருக்குப் பொருள் வழங்குவதும், நாட்டு மக்களுடன் அறம் பேசுவதும் ஆயிற்று. உண்ணும்போதும் அந்தப்புரத்தில் இருக்கும்போதும்கூட மக்களின் காரியங்களைத் தமக்குத் தெரிவிக்கலாம் என ஆணையிட்டார். அரண்மனைச் சமையலறையில் நாள்தோறும் பல்லாயிரக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்ட நிலை மாறி, இரு மயில்களும் ஒரு மானும் என்றாயின. மானும் எப்போதும் இல்லை. அவையும் இனிக் கொல்லப்படா என்று அறிவித்தார். கொஞ்சம் எஞ்சியிருந்ததை மறைக்காமல் சொன்ன அந்த நேர்மை, முற்றிலும் விட்டுவிட்டதாக அறிவிப்பதைவிடப் பெரிது.

முடிசூடி 26 ஆண்டுகள் கடந்தபின் பொறித்த மூன்றாம் தூண் கல்வெட்டில், மனிதன் தான் செய்த நன்மையை மட்டுமே காண்கிறான், தீமையைக் காண்பதில்லை என்று எழுதினார். அவ்வாறு தன்னைத் தானே ஆராய்வது கடினம் என்றும் உணர்ந்திருந்தார். கடுமை, கொடுமை, கோபம், செருக்கு, பொறாமை ஆகியவற்றால் தாம் அழியக்கூடாது என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது அவர் கருத்து.

அவர் குறையற்றவராகிவிடவில்லை. கலிங்கத்தை அவர் விடுவிக்கவில்லை. மரண தண்டனையையும் நீக்கவில்லை. தண்டனை பெற்றவருக்கு மூன்று நாள் அவகாசம் மட்டும் தந்தார்.

கலிங்கத்துத் தௌலியிலும் ஜௌகடாவிலும் அந்தப் பதின்மூன்றாம் கல்வெட்டு பொறிக்கப்படவில்லை. துயருற்ற மக்களின் முன் அக்கணக்கை வைக்க அவர் மனம் கூசியிருக்கலாம். அதற்குப் பதிலாக அங்கே, மக்கள் அனைவரும் தம் பிள்ளைகள் என்று எழுதினார். பொறாமை, சினம், கொடுமை, அவசரம், சோம்பல் ஆகியவை தம்மிடம் உள்ளனவா என்று அதிகாரிகள் கவனிக்கவேண்டும் என்றும் பணித்தார். பூச நட்சத்திர நாளில் அந்த ஆணை உரக்கப் படிக்கப்படவேண்டும். இடையிலும், கேட்பவர் ஒருவரே ஆயினும், படிக்கலாம்.