பாஸ்பரஸ் பரிசோதனை தந்த சுப்பாராவ்

ரத்தப் பரிசோதனைனா சர்க்கரையும் உப்பும்தான் நமக்குத் தெரியும். என் தாத்தாவோட லேப் ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் என்று ஒரு வரி இருந்தது. அது எதுக்குன்னு தேடினப்போ கிடைத்தவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12-ல் பீமாவரத்தில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணம். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை பெயில்! மூன்றாவது தடவை சென்னையில் படித்துப் பாஸானார். (அப்பவே எனக்கு இவரைப் பிடிச்சுப்போச்சு.) சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது கதரில் தைத்த அங்கியோடு ஆபரேஷன் வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

மாமனார் உதவியோடு அமெரிக்கா போனார். ஹார்வர்டில் படித்துக்கொண்டே ராத்திரியில் ஆஸ்பத்திரியில் மூத்திரப் பாத்திரம் கழுவினார்.

1925-ல் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து அந்தச் சோதனையை வெளியிட்டார். செய்முறை எளிது. ரத்தத்திலுள்ள புரதத்தை நீக்கிவிட்டு, மீதித் தெளிநீரில் மாலிப்டேட் கரைசலும் இன்னொரு மருந்தும் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். பெரியவர்களுக்கு 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்கலாம். கிட்னி சரியா வேலை செய்யலைன்னா வெளியேற வேண்டிய பாஸ்பரஸ் ரத்தத்திலேயே தங்கி, அளவு ஏறும். எலும்புக் கோளாறுக்கும் இதைப் பார்ப்பாங்க. இப்போ மெஷினே அளந்துவிடுகிறது. ஆனாலும் மாலிப்டேட்டை விடவில்லை!

இந்தச் சோதனையை வைத்தே தசையில் தேடி, 1929-ல் ஏ.டி.பி.யைக் கண்டார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமனும் தனியாகக் கண்டுபிடித்தார். நம்ம அறிவியல் புத்தகத்தில் ஏ.டி.பி. வருது, சுப்பாராவ் பேரைக் காணோம். இது எனக்கு வருத்தம்தான். ஹார்வர்டும் அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை.

1940-ல் லெடர்லே மருந்து கம்பெனிக்குப் போனார். அங்கே அவருடைய குழு தந்ததுதான் டி.இ.சி. மருந்து. ஆமாம், யானைக்கால் நோய்க்காக நம்ம ஊர்களில் வீடு வீடாகக் கொடுத்தாங்களே, அதே மாத்திரைதான்!

1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் இறந்தார். வயது 53 தான். ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. 1995-ல் இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. ஸ்டாம்ப் சேர்க்கிறவங்க யாரிடமாவது இருந்தால் எனக்குக் காட்டுங்க.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு