சாண்டோ கற்பித்த முதல் பாடம்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கூடங்களுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே வேலையின் பெரும்பகுதி காத்திருப்பதுதான். கூழாகக் கரைத்த மண்ணை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு மெல்ல மெல்ல நீரை உறிஞ்சுகிறது. சுவரோரம் மண் படிந்து கெட்டியாகிறது. அவசரப்பட்டு அச்சைத் திறந்தால் பொம்மை குழைந்துபோகும். ஈரம் உலரும் முன் சூளையில் ஏற்றினால் வெடித்துவிடும்.

மண்ணுக்குக் காட்டும் இந்தப் பொறுமையை நாம் நம் உடலுக்குக் காட்டுவதில்லை. கெட்டில்பெல் எனப்படும் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு இப்போது பெருநகர உடற்பயிற்சிக் கூடங்களைத் தாண்டி, இதுபோன்ற சிறு நகரங்களின் வீட்டு மொட்டை மாடிகளுக்கும் வந்துவிட்டது. இணையத்தில் காசு கட்டினால் மூன்றாம் நாள் வாசலில் இறங்குகிறது. எத்தனை கிலோவில் தொடங்குவது என்ற கேள்விக்கு, பக்கத்து வீட்டுக்காரர் தூக்குவதைவிட ஒரு படி கூடுதலாக என்பதே பெரும்பாலான இளைஞர்களின் விடை. பிறகு முதுகுவலி என்று மருத்துவரிடம் போகிறார்கள். குண்டு மாடிப்படிக்கு அடியில் துருப்பிடிக்கிறது.

இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விடை சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் பெயரை நாம் தினமும் உச்சரிக்கிறோம், யாரென்று அறியாமலேயே. கையில்லாத பனியனைக் கடையில் சாண்டோ என்று கேட்டு வாங்குகிறோம். கோவையில் மில் தொழிலாளியாகத் தொடங்கி, உடற்பயிற்சியில் பெயர் பெற்று, திரைப்படத் தயாரிப்பாளராக உயர்ந்த சின்னப்பா தேவருக்கு அப்பெயரே பட்டமாக ஒட்டிக்கொண்டது. தமிழில் பலசாலிக்கு ஒரு பொதுப்பெயராகவே ஆகிவிட்ட அந்த யூஜின் சாண்டோ தமிழரல்லர்; இந்தியருமல்லர். அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் 2 அன்று பிறந்தவர். இயற்பெயர் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் முல்லர்.

சிறுவயதில் தாம் நோஞ்சானாக இருந்ததாகவும், தந்தையுடன் இத்தாலிக்குச் சென்றபோது பண்டைய வீரர்களின் சிலைகளைக் கண்டு அவைபோல் ஆக உறுதி பூண்டதாகவும் அவர் பிற்காலத்தில் சொல்லி வந்தார். கதை அழகானது. ஆனால், அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. பயிற்சி முறையை விற்க வேண்டிய ஒருவருக்கு, மெலிந்த சிறுவன் மாவீரனான கதையைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை. உறுதியாகத் தெரிவது இதுதான்: கட்டாய ராணுவ சேவையைத் தவிர்க்க 1885 வாக்கில் ஊரைவிட்டு வெளியேறினார், சர்க்கஸ்களில் வித்தை காட்டிப் பிழைத்தார், கையில் காசின்றி பிரஸ்ஸல்ஸ் வந்து சேர்ந்தார்.

அங்கேதான் அவருக்கு ஆசான் வாய்த்தார். லூயி டர்லாக்கர் என்ற அவர், அட்டிலா என்ற மேடைப் பெயரால் அறியப்பட்டவர். தாமே பலசாலி வித்தைக்காரர். கழைக்கூத்தாடியின் உடல்வாகுடன் வந்த இளைஞனைக் கனமான எடைகளுக்குப் பழக்கினார். ஒரு கையால் எடையைத் தோளுக்குக் கொண்டுவந்து, எடையை மேலே தள்ளுவதற்குப் பதிலாக உடலைப் பக்கவாட்டில் சாய்த்து எடையின் அடியில் நுழைந்து நிமிரும் உத்தியில் சாண்டோ தேர்ந்தது இவரிடம்தான். முரட்டு வலிமையைவிட மூட்டுகளின் ஒழுங்கும் எடை நிற்கும் கோட்டின் நுட்பமுமே அதில் பெரிது. இன்று கெட்டில்பெல் பயிற்சியாளர்கள் காற்றாலை என்று பெயரிட்டுக் கற்பிக்கும் அசைவைப் பார்த்தால் அதன் நெருங்கிய உறவு புலப்படும்.

1889 அக்டோபர், நவம்பரில் லண்டன் ராயல் அக்வேரியம் அரங்கில் சாம்ப்சன் என்பவர், உலகின் ஆகச் சிறந்த பலசாலி தாமே என்று அறைகூவி வந்தார். அவருடைய சீடர் சைக்ளோப்ஸ். இருவரையும் வெல்பவருக்குப் பரிசுப் பணம். செய்தி அறிந்த அட்டிலா தம் மாணவரை வரவழைத்தார். மாலை நேரக் கனவான் உடையில் மேடையேறிய சாண்டோவைக் கண்டு கூட்டம் சிரித்தது. மேலுடையைக் கழற்றியதும் சிரிப்பு அடங்கியது. முதலில் சீடரையும் சில நாள்களில் குருவையும் வென்றார். 22 வயதில் லண்டன் முழுவதும் அவர் பெயர் பரவியது.

அதன்பின் வெற்றி மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். மறு ஆண்டே மெக்கான் என்பவரிடம் ஒரு போட்டியில் நடுவர்களின் தீர்ப்பால் தோற்றார். 1898-இல் ஷெஃபீல்டு நகரில் ஆர்தர் சாக்ஸன் என்ற ஜெர்மானியர் அநாயாசமாகத் தூக்கிய எடையுடன் அவர் திணறிய கதை நீதிமன்றம் வரை போனது. பாரம் தூக்குவதில் அவரைவிட வல்லவர்கள் அக்காலத்திலேயே இருந்தனர். பின்னர் ஏன் அவர் பெயர் மட்டும் நிலைத்தது?

அமெரிக்காவில் 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி, ஜீக்ஃபெல்ட் என்ற இளம் நாடக நிர்வாகி அவரை மேடையேற்றினார். மக்கள் தூக்கப்படும் எடையைவிடத் தூக்குபவரின் உடலையே வியந்து பார்க்கின்றனர் என்பதை அவர் கண்டுகொண்டார். அன்று முதல் சாண்டோ தூக்கிக் காட்டுவது குறைந்தது. நின்று காட்டுவது மிகுந்தது. 1894-இல் எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில் திரைப்படக் கருவியின் முன் தசைகளை அசைத்துக் காட்டினார். சலனப்படத்தின் தொடக்கக் காலப் பதிவுகளுள் அது ஒன்று. இன்றைய கைப்பேசிக் காணொலிகளுக்கு அது ஒரு பாட்டன் என்றால் மிகையாகாது.

அவர் அத்துடன் நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இல்லை. அவர் ஆசிரியரானார். 1897-இல் லண்டனில் பயிற்சிக் கூடம் திறந்தார்; வலிமை பெறும் வழியைச் சொல்லும் நூல் வெளியிட்டார்; அடுத்த ஆண்டு உடற்பயிற்சிக்கென ஒரு மாத இதழும் தொடங்கினார். எழுத்தர்கள், கடை ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள் என நாற்காலியில் உட்கார்ந்தே நாளைக் கழித்தவர்கள்தான் அவர் தேடிய மாணவர்கள். நேரில் வர இயலாதவர்களுக்குத் தபால் வழியே பயிற்சி.

அந்தப் பயிற்சியின் தொடக்கம்தான் கவனிக்கத்தக்கது. சில பவுண்டுகளே எடையுள்ள சிறு டம்பெல்களை அவர் கொடுத்தார். வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப எத்தனை முறை என்று அட்டவணை இருந்தது. முதலில் மார்பு, கை, தொடை ஆகியவற்றின் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி முன் நின்று, எந்தத் தசை இயங்குகிறதோ அதன்மேல் மனத்தைச் செலுத்த வேண்டும். சில நாள்களுக்கு ஒருமுறை எண்ணிக்கை சிறிது கூடும். மனம் வேறெங்கோ அலைய ஆயிரம் முறை கையசைப்பது வீண் என்பது அவருடைய உறுதியான கருத்து. பின்னர், நடுவில் சுருள்வில் பொருத்தி இரு பாதியாகப் பிளந்த டம்பெல் ஒன்றையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பயிற்சி முழுவதும் அதை இறுக்கிப் பிடித்தபடியே இருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் கவனம் சிதறியது என்று பொருள்.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். சாண்டோவின் சொந்த உடல் அந்தச் சிறு டம்பெல்களால் மட்டும் உருவானதன்று. அட்டிலாவின் கனத்த எடைகளே அதைச் செதுக்கின. தம் சுருள்வில் கருவி போதும் என்று விளம்பரம் செய்தபோது வணிகர் பேசினார். ஆசிரியர் மௌனமாக இருந்தார். இருந்தாலும், தொடக்கநிலையில் இருப்பவருக்கு அவர் சொன்னது சரியே. எடையைக் கூட்டிக்கொண்டே போவதன் அவசியத்தை அவர் மறைத்தார். எங்கே தொடங்க வேண்டும் என்பதில் அவர் பிழை செய்யவில்லை.

கெட்டில்பெல்லுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். அது பிறந்தது ரஷியச் சந்தைகளில், தானியம் நிறுக்கும் எடைக்கல்லாக. அங்குள்ள பழைய அளவான ஒரு பூட் என்பது 16 கிலோவுக்குச் சற்று அதிகம். 16, 24, 32 என்று இன்றும் குண்டுகள் வார்க்கப்படுவது அந்தக் கணக்கால்தான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1885-இல் கிராயெவ்ஸ்கி என்ற மருத்துவர் பாரம் தூக்கும் பயிற்சிக்கு மன்றம் அமைத்தார். சாண்டோ வீட்டைவிட்டு வெளியேறிய அதே காலம். நம் நாட்டில் கர்லாக்கட்டையும் தென்மாவட்டங்களில் இளவட்டக்கல்லும் இதே தேவையிலிருந்து எழுந்தவை. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டித் தூக்கப்படும் இளவட்டக்கற்கள் ஒரே எடையில் இல்லை. சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக உள்ளன. முதல் நாளே பெரிய கல்லை நெருங்குபவரை ஊர்ப் பெரியவர்கள் விடமாட்டார்கள்.

குண்டின் கனம் கைப்பிடிக்கு வெளியே தொங்குகிறது என்பதே டம்பெல்லுக்கும் இதற்கும் வேறுபாடு. ஆகவே அது கையை இழுக்கும். வீசினால் உடலையே இழுக்கும். புதியவர்கள் அதை வீசித் தொடங்குவதுதான் பிழை. முதலில் தரையில் இரு பாதங்களுக்கிடையே குண்டை வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து, எழுந்து நிற்கப் பழக வேண்டும். மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தெழுவது அடுத்தது. இவை இரண்டும் வலியின்றிக் கைவந்த பிறகே வீச்சு. அப்போதும் தூக்குவது கையன்று. இடுப்பு முன்னோக்கிப் பாயும் விசை. கை வெறும் கயிறு. பெண்களுக்கு 8 கிலோவும் ஆண்களுக்கு 12 அல்லது 16 கிலோவும் தொடங்கப் போதும்; உடல் மெலிந்தவர்களுக்கு அதிலும் குறைவு. வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள், இடையில் ஓய்வு. குடலிறக்கம், முதுகுத்தட்டுப் பிதுக்கம், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குண்டைத் தொடவே கூடாது.

சாண்டோ 1901 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நடத்திய உடலழகுப் போட்டியும் இதே நோக்கில் அமைந்தது. சர் ஆர்தர் கோனன் டாயில் நடுவர்களுள் ஒருவர். மிகப் பெரிய தசைக்குப் பரிசு என்று அவர்கள் விதிக்கவில்லை. உடல் முழுவதும் ஒத்த வளர்ச்சி, ஆரோக்கியம், தோலின் பொலிவு ஆகியவற்றையே பார்த்தனர். அதே ஆண்டில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அவர் உடலைப் பிளாஸ்டர் அச்சாக எடுத்தது. தசைகளை முறுக்கியபடி, சாந்து இறுகும்வரை அசையாமல் நின்றார். விருத்தாசலத்து அச்சுக்காரர்களுக்கு அந்த அவஸ்தை எளிதில் புரியும். ஐரோப்பிய இனத்தின் மாதிரி என்ற பெயரில் வைக்கப்பட்ட அந்த உருவம் விரைவிலேயே காட்சியிலிருந்து அகற்றப்பட்டது.

இன மாதிரி என்ற அந்த எண்ணத்தை உடைத்ததில் இந்தியர்களுக்குப் பங்குண்டு. 1904-05-இல் இந்தியா உள்ளிட்ட கீழை நாடுகளில் சாண்டோ பயணம் செய்தார். இந்தியர் உடல்வலிமையற்றவர் என்று ஆட்சியாளர்கள் ஏளனம் பேசிய காலம் அது. வலிமை பிறப்பால் வருவதன்று, பயிற்சியால் வருவது என்ற செய்தி இங்கே வேறொரு பொருளில் கேட்கப்பட்டது. அதற்கு முன்பே, மராட்டிய நாட்டின் அவுந்த் சமஸ்தான இளவரசர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி, 1897-இல் சாண்டோவின் நூல்களையும் கருவிகளையும் தருவித்துச் சுமார் பத்தாண்டுகள் தவறாமல் பயிற்சி செய்தார். பிறகு கருவி ஏதும் வேண்டாத சூரிய நமஸ்காரத்துக்கு மாறி, அதை நாடெங்கும் பரப்பினார். நம் பள்ளிகளில் இன்று நடக்கும் சூரிய நமஸ்காரத்துக்குப் பின்னால் சாண்டோவின் பழைய டம்பெல் ஒன்று கிடப்பதைப் பலர் அறியார்.

1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தம் உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமித்தார். அது உச்சம். அடுத்த சரிவு வேகமானது. அவர் தொடங்கிய கோகோ நிறுவனம், முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானியப் பிறப்பின்மீது எழுந்த வெறுப்பும் சேர, 1916-இல் மூழ்கியது. 1925 அக்டோபர் 14 அன்று, 58-ஆவது வயதில் இறந்தார். பள்ளத்தில் சிக்கிய காரைத் தனியாளாகத் தூக்கியதால் மூளையில் குருதி கசிந்தது என்று ஒரு கதை உலவியது. இறக்கும்போதும் அவரைப் பாரம் தூக்க வைத்தது ஊர்வாய். பெருந்தமனி வீங்கி வெடித்ததே காரணமாக இருக்கலாம் என்று கருதுவோரும் உள்ளனர்.

இன்று உலக உடலழகர் போட்டியான மிஸ்டர் ஒலிம்பியாவில் வெல்பவருக்குச் சாண்டோவின் வெண்கலச் சிலை பரிசாகிறது. சிலையைக் கையில் ஏந்துபவர்களின் உடல், சிலையின் உடலைவிடப் பன்மடங்கு பெருத்திருப்பதைப் படங்களில் காணலாம். லண்டன் புட்னி வேல் இடுகாட்டில், மனைவி பிளாஞ்சின் விருப்பப்படி, அவர் கல்லறையில் பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அது வெறும் புல்தரையாகக் கிடந்தது. 2008-இல் அவருடைய வழித்தோன்றல் ஒருவர் அங்கே ஒரு கல்லை நட்டார். செதுக்காத, கனத்த பாறை அது.