குடியானவரை எஜமானர் என்றவர்

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் டி.கல்லுப்பட்டி என்ற ஊர் இருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் போலவே அதுவும் வானம் பார்த்த பூமி. அங்கே காந்தி நிகேதன் என்ற ஆசிரமம் உண்டு.

1950-களில் அந்த ஆசிரமத்துக் குடிசை ஒன்றில் ஒரு பெரியவர் வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர். உடம்பு தளர்ந்திருந்தது. ரத்தக் கொதிப்பு அவரை வாட்டியது.

அந்தக் குடிசையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று காந்தியடிகள் படம். மற்றொன்று ஓர் ஏழைக் குடியானவரின் படம்.

பார்க்க வருகிறவர்கள் அந்தக் குடியானவர் யார் என்று கேட்பார்கள். காந்தி தம்முடைய எஜமானர் என்றும், அந்தக் குடியானவர் காந்திக்கும் எஜமானர் என்றும் பெரியவர் விளக்கம் சொல்வார்.

அந்தப் பெரியவர்தான் ஜே.சி. குமரப்பா. லண்டனில் படித்த கணக்கர். அவர் எப்படி இந்தக் குடிசைக்கு வந்து சேர்ந்தார்?

தஞ்சையில் பிறந்தார்

1892-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தை பொதுப்பணித் துறையில் அதிகாரி.

லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார். திரும்பி வந்து பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். நல்ல வருமானம். கோட்டு, சூட்டு, ஆங்கிலச் சாப்பாடு என்று வெள்ளைக்காரரைப் போலவே வாழ்ந்தார்.

பிறகு அமெரிக்கா சென்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். அங்கேதான் அவர் மனம் மாறியது.

இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று அவர் ஆராய்ச்சி செய்தார். அரசாங்கம் யாரிடம் வரி வாங்குகிறது, அதை யாருக்காகச் செலவு செய்கிறது என்று கணக்குப் பார்த்தார். கணக்கருக்குக் கணக்கு பொய் சொல்லாது அல்லவா? குடியானவர் கொடுக்கும் பணம் குடியானவருக்குத் திரும்பி வரவில்லை என்பது தெரிந்தது.

1929-ல் நாடு திரும்பினார். கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டார். குமரப்பா என்ற குடும்பப் பழம்பெயரைச் சூட்டிக்கொண்டார்.

மரத்தடிக் கிழவர்

தம் ஆராய்ச்சியைக் காந்தியடிகளிடம் காட்ட விரும்பினார். 1929 மே 9-ந் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். பட்டுக் கால்சட்டை அணிந்திருந்தார். கையில் தடி.

குறித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே வந்துவிட்டார். மரத்தடியில் ஒரு கிழவர் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். குமரப்பா தடியை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார். சிறிது நேரத்தில் அந்தக் கிழவர் தம் கடிகாரத்தைப் பார்த்தார். வந்திருப்பவர் குமரப்பாதானா என்று விசாரித்தார்.

கிழவர் வேறு யாருமல்ல, காந்தியேதான்!

குமரப்பா திடுக்கிட்டார். பட்டுக் கால்சட்டை அழுக்காகுமே என்று பார்க்கவில்லை. சாணி மெழுகிய தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரோ நாற்காலி கொண்டு வந்தார்கள். அவர் அதில் உட்காரவில்லை.

தரையில் உட்காரத் தெரிந்தவனுக்குத்தான் குடியானவர் மனம் திறப்பார். குமரப்பாவின் கிராம வேலை அன்றே தொடங்கிவிட்டது.

முதல் வேலை: கேட்பது

குஜராத்தில் மாதர் என்ற தாலுகா இருக்கிறது. அங்குள்ள கிராமங்களின் வரவு செலவை விசாரித்து எழுதும்படி காந்தியடிகள் குமரப்பாவைக் கேட்டுக்கொண்டார். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. ஆகவே குஜராத் வித்தியாபீட மாணவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

ஊர் ஊராகப் போனார்கள். நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, விளைச்சல் என்ன, கடன் எவ்வளவு, வரி எவ்வளவு என்று கேட்டுக் குறித்தார்கள். அந்த அறிக்கை 1931-ல் புத்தகமாக வந்தது.

கிராமத்துக்குப் போகிறவன் முதலில் வாயைத் திறக்கக் கூடாது, காதைத் திறக்க வேண்டும் என்பது இந்த வேலை கற்றுத் தந்த பாடம்.

காந்திக்கும் காசு இல்லை

1934-ல் பீகாரில் பெரும் பூகம்பம். ராஜேந்திர பிரசாத் நிவாரண வேலையை நடத்தினார். நிதிப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர்களின் செலவுக்கு மிகக் குறைந்த படியைத்தான் அவர் வைத்தார்.

அந்தச் சமயம் காந்தியடிகளும் அவரது கோஷ்டியும் பீகார் வந்தார்கள். அவர்களுடைய செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று குமரப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீடு இழந்த ஏழைகளுக்காக வந்த பணம் அது. காந்தியடிகள் கோபிக்கவில்லை. அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டார்.

செய்து பார்த்துச் சொல்

அதே ஆண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளர். வார்தாவில் உள்ள மகன்வாடி அதன் தலைமை இடமாயிற்று.

எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக் காகிதம், புகை குறைந்த அடுப்பு என்று எல்லாவற்றையும் அங்கே செய்து பார்த்தார்கள். சரியாக வந்ததைத்தான் ஊருக்குச் சொன்னார்கள். கருவி கெட்டுப்போனால் உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் பழுது பார்க்க முடிய வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். கிராமத் தொண்டர்களுக்கு அங்கேயே பயிற்சியும் கொடுத்தார்கள்.

1942 இயக்கத்தில் குமரப்பா மீண்டும் சிறை சென்றார். ஜபல்பூர்ச் சிறையில் நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் கருத்தைக் குழந்தைகளுக்கும் சொல்லலாம். புலி கொன்று தின்கிறது. குரங்கு தான் நடாத தோப்பில் பழம் பறிக்கிறது. தேனீ தன் கூட்டம் முழுவதற்கும் தேன் சேர்க்கிறது. தாய்ப் பறவையோ கூலி எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது. மனிதன் தாய்ப் பறவையின் நிலைக்கு உயர வேண்டும் என்பது அவர் ஆசை.

கரிசல் காட்டுக் கணக்கு

நாடு விடுதலை அடைந்தபின் காங்கிரஸ் நியமித்த விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவர் ஆனார். 1949-ல் அறிக்கை வந்தது. உழுகிறவருக்கே நிலம் சேர வேண்டும், நில உடைமைக்கு வரம்பு வேண்டும் என்று அது கூறியது. சொன்னது நிறைய, நடந்தது கொஞ்சம். அது அவருக்கு மனவருத்தம் தந்தது.

1952 அக்டோபர் 2-ந் தேதி சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு தேசிய விரிவாக்கப் பணி வந்தது. கிராம சேவகர் என்ற புதிய உத்தியோகஸ்தர் ஊருக்குள் நுழைந்தார். அவர் வரவேண்டியதுதான். ஆனால் திட்டம் மேலிருந்து வருகிறதே, வெளிநாட்டுப் பணத்தை நம்புகிறதே என்று குமரப்பா குறை சொன்னார்.

அவர் கவலைக்குக் காரணம் உண்டா? அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலைப் பார்த்தால் புரியும்.

இங்கே ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. குண்டாற்றில் வெள்ளம் வந்தால், கண்மாய் பெருகினால் பிழைப்பு. பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, மல்லி என்று பல பயிர் வைக்கிறார் சம்சாரி. ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும் என்பது அவர் கணக்கு. ஒரு வெள்ளாமை தவறினால் கடன், அடுத்ததும் தவறினால் மாடு விற்பனை.

இந்தக் கணக்கை அறியாமல் புது விதையை நீட்டுகிறவர் சம்சாரியின் சோற்றை வைத்துச் சூதாடுகிறார். விதை தவறினாலும் உத்தியோகஸ்தருக்குச் சம்பளம் வரும். சம்சாரிக்கு என்ன வரும்?

முதலில் வீட்டுக்கும் ஊருக்கும் வேண்டிய உணவு விளையட்டும், பிறகு சந்தைக்கு விளையட்டும் என்பது குமரப்பாவின் கொள்கை. சாணத்தை எரிக்காமல் குப்பைக்குழியில் மக்க வைக்கச் சொன்னார். டிராக்டர் சாணி போடாது என்று நினைவூட்டினார்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நாடு ஏற்கவில்லை. 1960-களின் உணவுப் பஞ்சத்துக்குப்பின் புது ரக விதையும் ரசாயன உரமும் வந்தன, விளைச்சலும் பெருகியது. ஆனால் நீர் வசதி உள்ள ஊர்களுக்குக் கிடைத்த லாபம் மானாவாரிக் காட்டுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை.

ஒரே நாள்

1960 ஜனவரி 30-ந் தேதி குமரப்பா காலமானார். காந்தியடிகள் மறைந்த அதே நாள், 12 ஆண்டுகள் கழித்து.

இன்று அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஊர்களுக்கு வேளாண்மை அலுவலர்கள் வருகிறார்கள். புது ரகமும் புது முறையும் சொல்கிறார்கள்.

நல்ல அலுவலர் யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அவர் வரப்பில் உட்காருவார். முதலில் கேட்பார். ஓர் ஓரத்தில் சிறு துண்டு நிலத்தில் செய்து பார்க்கச் சொல்வார். மழை தவறிப் பயிர் கருகினாலும், மறுநாள் அதே வரப்புக்கு வந்து நிற்பார்.

அப்படிப்பட்டவரைக் கண்டால் கரிசல் காட்டுச் சம்சாரி வெறும் பேச்சோடு விடமாட்டார். ஒரு செம்பு மோர் கொடுத்துத்தான் அனுப்புவார்.